வீட்டுச் சாயம்: செடியைத் தேடும் முன் கேட்க வேண்டியது

பீட்ரூட் வெந்த தண்ணீரில் ஒரு சிட்டம் வெள்ளைக் கம்பளி நூலை முக்கி எடுத்தால் அழகான ரோஜா நிறம் ஏறுகிறது. அதே நூலை நாலைந்து தடவை அலசினாலோ, வெயில் படும் ஜன்னலோரத்தில் சில வாரம் வைத்தாலோ, நிறம் வெளிறிப் பழுப்பேறிய வெண்மைக்குத் திரும்பிவிடுகிறது. சிவப்பு முட்டைக்கோஸ், சங்குப்பூ, நாவற்பழம் எல்லாவற்றின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஆனாலும் இயற்கைச் சாயத்தை வீட்டிலேயே போடக் கற்றுத்தரும் கையேடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் இந்தச் சமையலறைப் பொருள்களுக்குத்தான் முதலிடம். அவை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன, தண்ணீரைக் கண்ணெதிரே வண்ணமாக்கிக் காட்டுகின்றன. அதனால் கையேடு செடிகளின் பட்டியலாகத் தொடங்கிப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. எந்தச் செடியிலிருந்து என்ன நிறம் என்ற கேள்வியை இரண்டாவதாக வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நிறம் இழையோடு எப்படிப் பிணைகிறது, அந்தப் பிணைப்பு வெயிலையும் சலவையையும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை முதலில் கேட்டால், வீட்டுச் சாயம் மதிக்கத்தக்க ஒரு கைத்தொழில் ஆகிறது. கேட்காவிட்டால் நல்ல நூலும் விறகும் தண்ணீரும் வீணாகின்றன. ஆர்வத்தோடு வந்தவரும் இரண்டாம் மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்.

இந்தக் கேள்வி புதிதன்று. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சர் கோல்பேர் 1669-இல் சாயக்காரர்களுக்கு விதிமுறைகள் வகுத்தார். 1671-இல் கம்பளிச் சாயத்துக்கென்றே விரிவான ஓர் அறிவுரைத் தொகுப்பும் வெளிவந்தது. சாயம் போகாத நிறங்களைப் போடுகிறவர்களும் எளிதில் வெளுக்கும் நிறங்களைப் போடுகிறவர்களும் அதன்படி தனித்தனிப் பிரிவினர். ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது. அடுத்த நூற்றாண்டில் துஃபே என்ற அறிவியலாளர் சாயமேறிய கம்பளியை வெயிலில் வைத்தும், படிகாரம், சோப்பு போன்றவற்றின் கரைசல்களில் கொதிக்கவிட்டும் சோதிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அவருக்குப் பின் வந்த எலோ 1750-இல் கம்பளிச் சாயம் பற்றி எழுதிய நூலும் இந்தப் பாகுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் இருந்தவை எல்லாமே இயற்கைச் சாயங்கள்தான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. இயற்கைச் சாயம் மட்டுமே புழங்கிய உலகம் எல்லாச் செடிகளையும் சமமாகப் பார்க்கவில்லை. நிற்பதையும் நிற்காததையும் கறாராகப் பிரித்து, பிரிவை மீறியவர்களுக்குத் தண்டமும் விதித்தது. இன்று ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லின் கீழ் எல்லாவற்றையும் கொட்டி வைப்பது நம் காலத்தின் பழக்கம். மரபுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிணைப்பு என்றால் என்ன என்பதைக் கம்பளியிலிருந்து தொடங்குவது எளிது. கம்பளியும் பட்டும் புரத இழைகள். அவற்றின் மூலக்கூறுகளில் அமிலத் தன்மையுள்ள முனைகளும் காரத் தன்மையுள்ள முனைகளும் நிறைய உண்டு. சாயம் பற்றிக்கொள்ள அவை இடம் தருகின்றன. பருத்தி, சணல், ஆளிநார் போன்றவை செல்லுலோஸ் இழைகள். அவற்றில் அத்தகைய பிடிமானம் குறைவு. பெரும்பாலான செடிச் சாயங்கள் கம்பளியிலேகூடத் தாமாக உறுதியாக நிற்பதில்லை. இடையில் ஓர் உலோக உப்பு தேவைப்படுகிறது. அதை வேதியியலில் நிறமூன்றி என்கிறார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறு கையால் சாய மூலக்கூறையும் பிடித்துக்கொள்கிறது. மஞ்சிட்டி வேரின் சிவப்புச் சாயம் தண்ணீரில் சரிவரக் கரையாத மங்கல் பொருள். அலுமினியத்தோடு சேர்ந்த பிறகுதான் அது கண்ணைப் பறிக்கும் செந்நிறமாகிறது. அலுமினியத்துக்குப் பதில் இரும்பு வந்தால் அதே வேர் ஊதாவும் கரும்பழுப்பும் தருகிறது. ஆக நிறத்தையே பாதி தீர்மானிப்பது உப்புதான். பீட்ரூட்டின் நிறமி உலோகத்தோடு இப்படி நிலையாகச் சேர்வதில்லை, சூட்டிலேயே சிதையத் தொடங்குகிறது. எவ்வளவு படிகாரம் போட்டாலும் அதை நிறுத்த முடியாததற்குக் காரணம் இதுவே.

செய்முறையைச் சற்று அருகில் சென்று பார்த்தால் எங்கே கவனம் தேவை என்பது தெரியும். 100 கிராம் உலர்ந்த கம்பளி நூலுக்கு ஏறக்குறைய 15 கிராம் படிகாரம், 5 அல்லது 6 கிராம் கிரீம் ஆஃப் டார்டார். நூலைச் சிட்டமாகக் கட்டி, காரம் குறைந்த சோப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, நனைந்த நிலையிலேயே இளஞ்சூட்டுக் கரைசலில் இறக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்ல 80, 85 டிகிரி வரை சூடேற்றி, அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்தி, பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். கம்பளி மயிரின் மேல்தோலில் நுண்ணிய செதில்கள் உண்டு. திடீர்ச் சூடும், திடீர்க் குளிர்ச்சியும், கரண்டியால் போட்டுக் கிண்டுவதும் அந்தச் செதில்களை ஒன்றோடொன்று கோத்துவிடும்; நூல் சுருங்கி, ஒரே கட்டியாகிவிடும். அடுத்தது சாயப் பாத்திரம். நூலின் எடைக்குப் பாதி முதல் சம எடை வரை மஞ்சிட்டி வேர்த்தூள் வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் வேரிலுள்ள பழுப்புப் பொருள்களும் இறங்கிச் சிவப்பைக் கெடுக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர் இந்தச் சிவப்புக்கு நல்லது. பருப்பு வேகாத கிணற்றுத் தண்ணீர் சாயத்துக்கு உதவுகிறது. முதல் முக்கில் செங்கல் சிவப்பு, அதே நீரில் இரண்டாவது சிட்டத்துக்கு ஆரஞ்சு, மூன்றாவதற்கு வெளிர் பவளம் என்று ஒரு பாத்திரத்திலிருந்து மூன்று நிறங்கள் எடுக்கலாம். இதில் செடிக்காகச் செலவாகும் கவனம் கொஞ்சம். எடை, சூடு, தண்ணீர், நேரம் ஆகிய நான்கிலும்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

பருத்திக்கு வந்தால் வேலை இரட்டிப்பாகிறது. இதற்கு நம் கடற்கரையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய கேர்து என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையை 1742-இல் ஒரு கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் ஊறவைப்பது, பிறகு படிகாரத்தால் வரைவது, இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பது, சாயவேரில் கொதிக்கவைப்பது, திரும்பத் திரும்ப அலசி வெயிலில் வெளுப்பது என்று அடுக்கடுக்கான வேலைகள் அதில் வருகின்றன. இம்பூரல் என்றும் பெயருள்ள சாயவேர் கடலோர மணலில் வளரும் சின்னஞ்சிறு செடியின் வேர். ஐரோப்பிய மஞ்சிட்டியில் உள்ள அலிசரின் என்ற அதே செஞ்சாயம் இதிலும் உண்டு. கடுக்காயின் துவர்ப்பு பருத்தியோடு ஒட்டிக்கொள்கிறது. படிகாரம் அந்தத் துவர்ப்போடு ஒட்டிக்கொள்கிறது. சாயவேர் படிகாரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் துணி சிவக்காது. எகிப்தின் ஃபுஸ்தாத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த, இடைக்காலத்தில் குஜராத்திலிருந்து கப்பலேறிய பருத்தித் துண்டுகளில் சிவப்பும் நீலமும் இன்றும் தெரியும்படி இருக்கின்றன என்றால், அதன் காரணம் இப்படிப்பட்ட சங்கிலிதான். நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கடுக்காய்த் தூளையும் படிகாரத்தையும் தவிர்த்துவிட்டு, ‘வெறும் பூவை வேகவைத்தால் போதும்’ என்று சொல்லித்தருவது இந்த அறிவையெல்லாம் புறந்தள்ளுவதாகும்.

அவுரி நீலம் தனி வழியில் செல்கிறது. அதற்கு உலோகம் வேண்டாம். அவுரி இலையை நீரில் ஊறவைத்து, அடித்துக் கலக்கிக் காற்றூட்டினால் அடியில் படியும் நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. கரையாத பொருள் இழைக்குள் புகாது. ஆகவே காரநீரில் அதன் பிராணவாயுவைப் பறித்து, கரையும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் சேர்த்துத் தாழியைப் புளிக்கவைத்தார்கள். இன்று வீட்டில் செய்கிறவர்கள் பழச் சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்த்து அதே வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறார்கள். தாழி பக்குவமானதற்கு அடையாளங்கள் உண்டு. மேலே செம்பு மினுக்கும் படலமும் நீல நுரையும் மிதக்கும். கரண்டியால் விலக்கிப் பார்த்தால் கீழே நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெளிந்திருக்கும். முக்கி எடுத்த நூல் முதலில் பச்சையாகவே வெளிவரும். காற்றுப் பட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரத்திலிருந்து நீலம் பரவும். அந்த நேரத்தில் சாயம் இழைக்குள்ளேயே மறுபடி கரையாத பொருளாகி அடைபட்டுவிடுகிறது. பருத்தி வலுவான காரத்தைத் தாங்கும், கம்பளி தாங்காது. காரம் மிஞ்சினால் மயிர் நைந்துவிடும். ஸ்காண்டிநேவிய நாட்டுப்புறங்களில் புளித்த சிறுநீரில் கம்பளிக்கு நீலம் போட்டதற்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. சிறுநீரின் அம்மோனியா மென்மையான காரம். மேற்கு அனடோலியாவில் பெண்கள் மற்ற நிறங்களையெல்லாம் வீட்டில் போட்டுக்கொண்டு, நீலத்துக்கு மட்டும் நூலை நகரத்துச் சாயக்காரரிடம் கொடுத்தனுப்புவது வழக்கமாக இருந்தது. எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை என்ற தெளிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது.

சிவப்பும் நீலமும் இப்படித் தீர்ந்தன. தீராத தலைவலி மஞ்சள். உலகில் மஞ்சள் தரும் செடிகள்தான் மிக அதிகம், நிலையான மஞ்சள்தான் மிகக் குறைவு. ஐரோப்பாவின் பழைய திரைச்சீலைகளில் காடும் புல்வெளியும் இன்று நீலமாகத் தெரிவதைப் பலர் ஓவியரின் கற்பனை என்று நினைக்கிறார்கள். பச்சைக்காக நீலத்தின் மேல் போட்ட மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட, நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இலையின் பசுமை நிறமி இழையில் நிற்காது. ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உறுதியான பச்சையை நீலமும் மஞ்சளும் சேர்த்துத்தான் வரவழைத்திருக்கிறார்கள். மஞ்சள்களுக்குள்ளும் தரவேறுபாடு உண்டு. ஐரோப்பியர் பயிரிட்ட வெல்டு என்ற செடியின் லூட்டியோலின் நன்றாகத் தாங்குகிறது. வெங்காயத் தோலின் குவெர்செட்டின் அதைவிட விரைவில் வெளுக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். குவெர்செட்டினில் கூடுதலாக உள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதியின் வழியாக ஒளி அதை எளிதில் சிதைக்கிறது. சமையல் மஞ்சளோ இன்னும் பலவீனம். அது நிறமூன்றியே இல்லாமல் பருத்தியில்கூடப் பளிச்சென்று ஏறும். சோப்புப் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் மறையும். நம் வீடுகளில் இதை அறியாதவர் இல்லை. புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவும் வழக்கமே அது நிற்காது என்று தெரிந்து செய்வதுதான். அதை ஒரு சேலை முழுவதற்கும் சாயமாகப் போட்டு, ‘மரபுச் சாயம்’ என்று சீட்டு ஒட்டி விற்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். துவர்ப்பு மிகுந்த மாதுளைத் தோல், கடுக்காய் ஆகியவற்றின் மங்கல் மஞ்சள்கள் பளிச்சென்று இராவிட்டாலும் கூடுதல் காலம் நிற்கின்றன. நம் ஊரில் மஞ்சள் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

கறுப்பிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அழுத்தமான கருமை. அன்னபேதியோ, வெல்லத்தில் புளிக்கவைத்த துருப்பிடித்த இரும்போ போதும். ஆனால் இரும்பு இழையை மெல்லத் தின்கிறது. பழைய துருக்கியக் கம்பளங்களைத் தடவிப் பார்த்தால் கரும்பழுப்புப் பகுதிகள் மட்டும் பள்ளமாகியிருக்கும்; சுற்றியுள்ள சிவப்பும் நீலமும் முழு உயரத்தில் நிற்கும். நிறம் நின்றது, நூல் நிற்கவில்லை. வீட்டில் கம்பளிக்கு இரும்பு போடும்போது நூலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இவ்வளவையும் வீட்டில், கிராமத்தில், சாதாரணப் பெண்களால் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்கு மேற்கு துருக்கியின் அய்வாஜிக் வட்டாரம் பதில் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனிலின் சாயங்கள் அங்கே புகுந்தன. முதல் தலைமுறைச் செயற்கைச் சாயங்கள் பலவும் மிக மோசமானவை. பளிச்சென்ற ஊதாவும் கருஞ்சிவப்பும் சில ஆண்டுகளில் சாம்பல் நிறமாயின. செயற்கை என்றால் நிலையானது என்ற நம்பிக்கையும் வரலாற்றில் பொய்த்தே இருக்கிறது. நூறு ஆண்டுக்குள் கிராமங்களில் பழைய செய்முறை பெரும்பாலும் மறந்துபோனது. இஸ்தான்புல்லில் வேதியியல் ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் ஹரால்டு போமர் பழைய கம்பளங்களின் நூல்களைப் பகுப்பாய்வு செய்து, எந்த நிறம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று கண்டறிந்தார். 1980-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் துணையோடு டோபாக் என்ற திட்டம் உருவானது. வயல் ஓரங்களில் தானாக வளர்ந்துகிடந்த மஞ்சிட்டி மறுபடி பாத்திரத்துக்கு வந்தது. பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கம்பளம் நெய்து வெளிநாட்டுக்கு விற்றார்கள். இந்த அனுபவத்தில் நான் முக்கியமாகக் கருதுவது, பாட்டி சொன்னதைக் கேட்டு மட்டும் மரபு மீளவில்லை என்பதைத்தான். ஆய்வுக்கூடம் நிற்கும் செடிகளைத் தேர்ந்து கொடுத்தது. கிராமத்துக் கைகள் அளவையும் சூட்டையும் பழகிக்கொண்டன. பட்டியலும் சிறியது. மஞ்சிட்டி, வெல்டு, வால்நட் தோடு, அவுரி போன்ற சிலவற்றை வைத்தே நூற்றுக்கணக்கான கம்பளங்களுக்கு நிறம் கிடைத்தது.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். படிகாரம், அன்னபேதி என்று உப்புகளைச் சேர்த்தால் அது எப்படி இயற்கை என்று கேட்பவர்கள் உண்டு. 1960, 70-களின் கையேடுகளைப் படித்தவர்களுக்கு இந்த அச்சம் நியாயமானது. குரோமியம், வெள்ளீயம், மயில்துத்தம் எல்லாவற்றையும் அவை வீட்டு அடுப்புக்கே கொண்டுவந்தன. டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதை வீட்டில் தொடவே கூடாது, பட்டறையிலும் தேவையில்லை. படிகாரத்தை அந்த வரிசையில் வைக்க முடியாது. சவரக் கடையிலும் கலங்கிய குடத்து நீரிலும் காலங்காலமாகப் பழகியது அது. அதைக்கூட வேண்டாம் என்றால், அலுமினியத்தைத் தம் உடலில் சேர்த்துவைக்கும் செடிகள் உள்ளன. இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் லோத்திர இனத்து மரங்களின் இலையும் பட்டையும், வட ஐரோப்பாவில் சிலவகைத் தரைப்பாசிச் செடிகளும் படிகாரத்துக்குப் பதிலாகப் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கும் வேலை செய்வது அதே அலுமினியம்தான். ஒரு மரத்தின் பட்டையை உரிப்பதைவிட 15 கிராம் படிகாரம் எடுத்துக்கொள்வது இயற்கைக்குச் செய்யும் குறைந்த தீங்கு என்றே எனக்குப் படுகிறது. சாயத்துக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, காற்றோட்டம், கையுறை ஆகியவை செடி எதுவானாலும் கட்டாயம். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று நஞ்சற்றதாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. வெளுப்பதும் ஓர் அழகு, பூ வாடுவதைப் போல நிறம் போவதையும் ஏற்றுக்கொள்ளலாமே என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. தாய்லாந்தின் வனத் துறவிகள் தம் ஆடையைப் பலாமரச் சில்லுகள் கொதித்த நீரில் துவைக்கிறார்கள். ஒவ்வொரு துவைப்பும் ஒரு மறுசாயம். அங்கே சாயம் போவது குறையாகாது, ஏனென்றால் மறுபடி போடுவது வாழ்க்கை முறையிலேயே சேர்ந்திருக்கிறது. விழாவுக்கு ஒருநாள் கட்டும் துணிக்கும், பள்ளிக் குழந்தைகள் வேதியியல் பழகும் சோதனைக்கும் சங்குப்பூவும் பீட்ரூட்டும் தாராளமாகப் போதும். ஆனால் ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னிய கம்பளிச் சட்டைக்கு அந்தத் தர்க்கம் பொருந்தாது. மேலும் வெளுப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. அவுரியும் மஞ்சிட்டியும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரே சீராக மென்மையாகின்றன, நிறத்தின் குணம் மாறுவதில்லை. பலவீனமான சாயமோ தோள்பட்டையில் போய், மடிப்புக்குள் நின்று, துணியைத் திட்டுத்திட்டாக்கிவிடும். முதல்வகை வெளுப்பை அழகு என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் வகையையும் அதே பெயரால் அழைத்து மன்னிப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நல்ல செயற்கைச் சாயங்கள் இன்று மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கும்போது இந்த உழைப்பெல்லாம் எதற்கு என்பது அது. 1856-இல் பெர்க்கின் முதல் அனிலின் ஊதாவைக் கண்டதிலிருந்து, 1869-இல் செயற்கை அலிசரின், 1897-இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது வரை நடந்ததைப் பார்த்தால், அந்த ஆராய்ச்சி செடியின் மூலக்கூறையே தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டது. தொட்டியில் உள்ள நீலம் அவுரியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று இழைக்குத் தெரியாது. தண்ணீர்க் கணக்கிலும் வீட்டுச் சாயம் சிக்கனமில்லை. ஒரு கிலோ நூலுக்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 30 லிட்டர் வரை வேண்டும், பாத்திரமோ மூன்று. ஆகவே வீட்டுச் சாயம் ஆலைக்கு மாற்று என்ற பேச்சை நான் ஆதரிக்கவில்லை. உலகில் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் இழை உற்பத்தியாகிறது. அதற்கெல்லாம் பாதி எடை மஞ்சிட்டி போடுவதென்றால் 5 கோடி டன் உலர்ந்த வேர் வேண்டும்; அது உணவு விளையும் நிலத்தைத்தான் கேட்கும். இயற்கைச் சாயம் பெருந்தோட்டமானபோது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1859-இல் வங்காளத்து உழவர்கள் அவுரி பயிரிட மறுத்துக் கிளர்ந்தார்கள். 1917-இல் சம்பாரணுக்குக் காந்தி போனதும் அதே அவுரியால்தான். திருப்பூரில் நொய்யல் கெட்டதையும், 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானதையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் சுட்டிக்காட்டி ‘எல்லோரும் செடிக்குத் திரும்புவோம்’ என்பது உணர்ச்சிக்குச் சரி, கணக்குக்குச் சரியில்லை. அங்கே நிலத்தைப் பாழாக்கியதில் பெரும்பங்கு சாயமேற்றக் கொட்டிய உப்புக்கு உண்டு. கழிவைச் சுத்திகரிப்பதும் உப்பைக் குறைப்பதும் கண்காணிப்பதுமே அதற்குத் தீர்வு.

அப்படியானால் வீட்டுச் சாயத்தின் இடம் எது? கையால் நூற்ற, கையால் பின்னிய, கையால் நெய்த சிறு அளவுத் துணி. அங்கே உழைப்பின் மதிப்பு நூலின் விலையைப் போலப் பலமடங்கு. நாளெல்லாம் செலவழித்துச் சாயம் போடுவது அங்கே பொருந்துகிறது. மஞ்சிட்டியில் ஒரு சிவப்போடு நிற்காமல் அதன் பக்கத்து நிறங்கள் பலவும் கலந்திருப்பதால் நூலுக்குக் கிடைக்கும் ஆழம் உண்மையானது, அதைக் கண் உணர்கிறது. சாயக்காரர்களின் அறிவு அருங்காட்சியகத் தாளில் மட்டும் இல்லாமல் கையிலும் தொடர்வதற்கு இந்தச் சிறு அளவே போதுமானது.

இந்த இடத்துக்கு உரிய ஒழுக்கம் சோதனை. துணித்துறையில் ஒளித்தாங்கு திறனை அளக்க 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளிப் பட்டைகள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். சோதிக்கும் நூலோடு சேர்த்து வெளிச்சத்தில் வைத்து, எது எதோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்க்கிறார்கள். வீட்டில் அந்தப் பட்டைகள் இல்லாவிட்டாலும் அவுரி நூல் ஒன்றையும் மஞ்சள் தூள் நூல் ஒன்றையும் இரு எல்லைகளாக வைத்துக்கொள்ளலாம். அட்டையில் நூல்களை வரிசையாகச் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒரு மாதம் வைத்தால் போதும். புதிய செடி இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். செண்டுமல்லி, மாவிலை, நுணா, புரசம்பூ என்று நம் ஊர்ப் பொருள்களுக்கு இப்படிப்பட்ட அட்டைகளைப் பள்ளிகளும் கைத்தொழில் குழுக்களும் செய்து பகிர்ந்தால், இன்று வாய்வழியாக மட்டும் சுற்றும் பல கூற்றுகள் ஒரே கோடையில் தெளிந்துவிடும்.

சேகரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் ட்வீட் துணிக்குச் செம்பழுப்பு தந்த பாறைக் கற்பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு பானைக்காகச் சுரண்டிய பாறை மறுபடி மூட ஒரு தலைமுறை ஆகலாம். அத்தகைய பொருளைப் பொழுதுபோக்குக்காகத் தொடுவது தவறு. காட்டு மரத்தின் பட்டையும் அப்படித்தான். வெங்காயத் தோல், மாதுளைத் தோல், கோயில்களில் குவியும் செண்டுமல்லி, மரவேலைப் பட்டறையின் பலாமரத் தூள் ஆகியவை எப்படியும் குப்பைக்குப் போகிறவை. அவற்றின் வலிமை எவ்வளவு என்று அறிந்து பயன்படுத்துவதில் குறையில்லை. உறுதியான நிறம் வேண்டுவோர் பயிரிட வேண்டும். அவுரி மூன்று நான்கு மாதத்தில் முதல் வெட்டுக்கு வந்துவிடும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து உழவர்களுக்கு அது இன்றும் தெரிந்த பயிர். மஞ்சிட்டி வேரில் நல்ல சிவப்பு சேர மூன்று ஆண்டு ஆகும், அதற்குமுன் தோண்டினால் கிடைப்பது வெளிர் ஆரஞ்சு. கையேடு எழுதுகிறவர்கள் செடியின் பெயருக்குப் பக்கத்தில் இந்தக் கால அளவையும், ஜன்னலோர அட்டையில் அது எத்தனை வாரம் தாங்கியது என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.